காற்றே எரு போடுகிறதாம், அப்புறம் ஏன் இத்தனை பதர்?

தஞ்சாவூர் மாவட்டத்தில் புது ஆற்றுப் பாசனத்தில் நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் போன்ற விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை கணக்கு எழுதுவதும் ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டு போவதுமாக இருந்தவர், இப்போது சாகுபடி முழுவதையும் தானே பார்க்கிறார். இரண்டரை ஏக்கர் நெல், ஒரு ஏக்கர் மேட்டில் மக்காச்சோளம், மீதியில் நிலக்கடலை. கணவர் காலத்தில் குறுவைக்கு ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 38 கண்டது, நல்ல வருடத்தில் 40. கடந்த மூன்று குறுவையும் 31-ஐத் தாண்டவில்லை. பயிர் பச்சைக்கட்டி, தூர் வெடித்து, பார்க்க நன்றாகத்தான் நிற்கிறது. அறுத்துக் களத்தில் கொட்டினால் பதர்.

கணவரின் அண்ணன் ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து சொன்னாராம்: "காத்துல கரியமில வாயு கூடிக்கிட்டே போகுது, அது பயிருக்குச் சாப்பாடு. காத்தே எரு போடுது. அப்பவும் விளையலேன்னா அது கைராசி." பிளஸ் டூ படிக்கும் மகளும் தன் பாடப்புத்தகத்தைப் பார்த்து, கரியமில வாயு கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும் என்பது உண்மைதான் என்று சொல்லிவிட்டாள். "அப்படியானால் தப்பு என்னிடம்தானா ஐயா?" என்று கேட்கிறார்.

கூடவே மூன்று கேள்விகள். இலையில் தெளித்தால் கரியமில வாயுவை அதிகம் இழுக்கவைக்கும் என்று கடையில் ஒரு டானிக்கை நீட்டுகிறார்கள். லிட்டர் 1,450 ரூபாய், ஏக்கருக்கு இரண்டு லிட்டர், 20 சதவீதம் கூடுதல் விளைச்சலுக்கு வாய்மொழி உத்தரவாதம். வாங்கலாமா? காற்றில் கூடும் வாயுவால் நெல்லுக்குத்தான் லாபம், மக்காச்சோளத்துக்கு இல்லை என்கிறார்களே, மக்காச்சோளத்தை விட்டுவிடலாமா? காற்றே ஊட்டம் தருவதால் யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாமா?

அம்மா, நீங்கள் கடைசி வரியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கைராசி என்று பயிர் வினையியலில், அதாவது செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் படிப்பில், எதுவும் கிடையாது. முப்பது வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் மைத்துனர் சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டாலும் அது உங்கள் மேல் பழி போட உதவாது. எப்படி என்று பார்ப்போம்.

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்னால் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில் இருந்தது. 2024-ல் 424-ஐத் தாண்டிவிட்டது. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு கூடுகிறது. அப்படியானால் நீங்கள் பொறுப்பேற்ற இந்த நாலு வருடத்தில் கூடியது சுமார் 10 பங்கு. திறந்த வயலில் 200 பங்கு கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் நெல்லுக்குச் சராசரியாக 12 முதல் 15 சதவீதம் விளைச்சல் கூடியது. அந்த விகிதத்தில் 10 பங்குக்கு என்ன வரும்? ஒரு சதவீதம்கூட வராது. 38 மூட்டையில் கால் மூட்டை. அந்தக் கால் மூட்டையை வைத்து உங்கள் ஏழு மூட்டைக் குறைவுக்கு யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது.

உங்கள் மகள் சொன்னதில் தவறில்லை. நானும் மாணவனாக இருந்தபோது, வாயு கூடக் கூட ஒளிச்சேர்க்கை ஏறுவதைக் காட்டும் வளைகோட்டை வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் அந்தக் கோடு ஓர் இலையைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, சில நிமிடங்களில் அளந்தது. வயலில் நிற்பது ஓர் இலை அல்ல. அங்கே வேர், தூர், கதிர், வெயில், இரவு எல்லாம் சேர்ந்து நிற்கின்றன.

இலைக்குள் நடப்பதை மகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை ஆக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. நெல், நிலக்கடலை, உளுந்து, பருத்தி, கோதுமை எல்லாவற்றிலும் அதுதான் முதல் ஆள். அதற்கு ஒரு குறை உண்டு. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய கையால் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். களை பறிக்க விட்ட ஆள் நாற்றையும் சேர்த்துப் பிடுங்குவது போல. பிடுங்கியதை மறுபடி நட வேண்டும், அதற்குத் தனிக் கூலி. 25 டிகிரி வெப்பத்தில் இப்படிப் பிடித்த கரியில் சுமார் நான்கில் ஒரு பங்கு வீணாகிறது. வெயில் ஏற ஏற இன்னும் கூடும். காற்றில் கரியமில வாயு கூடும்போது, தவறான ஆளைப் பிடிக்கும் வாய்ப்பு குறைகிறது. நெல்லுக்குக் கிடைக்கும் லாபத்தின் பெரும் பகுதி இதுதான். இன்னொன்றும் உண்டு. வாயு எளிதாகக் கிடைப்பதால் இலைத்துளைகளை முழுக்கத் திறந்துவைக்கத் தேவையில்லை, கொஞ்சம் மூடிக்கொள்ளும். தண்ணீர் மிச்சம். இந்த இரண்டாவது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பதர் பற்றிப் பேசும்போது அது வேறு முகத்துடன் திரும்பி வரும்.

வெளிவயலில் அளந்தபோது

முன்பெல்லாம் தொட்டியிலும் அடைத்த கூண்டிலும் பயிர் வளர்த்துத்தான் இதைச் சோதித்தார்கள். கணக்கு அமோகமாக வந்தது. பிறகு வயலைச் சுற்றி வளையமாகக் குழாய் போட்டு, காற்று வீசும் திசையைப் பார்த்துக் கணினி மூலம் வாயுவைத் திறந்துவிடும் முறை வந்தது. கூரை இல்லை, சுவர் இல்லை, பூச்சியும் மழையும் வழக்கம் போல. ஜப்பானில் இவாதே மாகாணத்தின் ஷிசுகுயிஷியில் 1998 முதல் நெல்லுக்கு இப்படிச் செய்தார்கள். பிறகு சுகுபா அருகிலும், சீனத்திலும். அமெரிக்காவின் இல்லினாயில் சோயாவுக்கும் மக்காச்சோளத்துக்கும், அரிசோனாவில் பருத்திக்கும் கோதுமைக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, கூண்டில் கண்ட லாபத்தில் ஏறத்தாழப் பாதிதான் வெளிவயலில் நின்றது.

ஏன் பாதி? இலை சர்க்கரை செய்துகொண்டே இருக்கலாம், அதை வாங்கிக்கொள்ள இடம் வேண்டுமே. கதிரும் மணியும் போதாத பயிரில் சர்க்கரை இலையிலேயே தேங்குகிறது. தேங்கினால் செடி, "இவ்வளவு ஆள் எதற்கு" என்று ரூபிஸ்கோவைக் குறைத்துவிடுகிறது. களத்தில் சாக்கு இல்லாதபோது அறுவடை இயந்திரத்தை நிறுத்திவைப்பதில்லையா, அதே கதைதான். அதனால் ரகத்துக்கு ரகம் பெரிய வித்தியாசம். ஜப்பானியச் சோதனைகளில் எட்டு நெல் ரகங்களை ஒப்பிட்டார்கள். ஒரு ரகத்தில் 3 சதவீதம்தான் கூடியது, இன்னொன்றில் 36. கதிர் பெரிதாக, மணி எண்ணிக்கை அதிகமாக உள்ள ரகங்களே அதிகம் வாங்கிக்கொண்டன.

உங்கள் யூரியா கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ஷிசுகுயிஷியில், யூரியா தரும் தழைச்சத்தைக் குறைத்து இட்ட பாத்திகளில் கிடைத்த கூடுதல் விளைச்சல், போதிய அளவு இட்ட பாத்திகளில் கிடைத்ததில் பாதிதான். காற்றில் வருவது கரி. தழைச்சத்து மண்ணிலிருந்துதான் வர வேண்டும். காற்று அதிகம் கொடுக்கக் கொடுக்க, மண்ணும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பாதியாகக் குறைக்காதீர்கள். அதற்காக அள்ளிப் போடவும் வேண்டாம். "பச்சைக்கட்டி நிற்கிறது" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், தழைச்சத்து குறைவு உங்கள் பிரச்சினையாகத் தெரியவில்லை. மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்துப் பிரித்து இடுங்கள்.

பதர் எங்கிருந்து வந்தது

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "ஆழ்துளைக் கிணறு இருப்பதால் மேட்டூர் தண்ணீருக்குக் காத்திராமல் சித்திரை கடைசியிலேயே விதைத்துவிடுகிறேன், முன்னாடி அறுத்தால் இயந்திரம் சீக்கிரம் கிடைக்கிறது." கணவர் ஆனி தொடக்கத்தில் விதைப்பார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்த வரியில்தான் கண் நின்றது.

105, 110 நாள் ரகம் விதைத்து 75, 80 நாளில் பூக்கும். ஆனி தொடக்கத்தில் விதைத்த பயிர் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தில் பூக்கிறது. மே இரண்டாம் வாரம் விதைத்தது ஜூலை கடைசிக்குள் பூத்துவிடுகிறது. அந்த மாதத்து வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. நெல் முற்பகலில், சுமார் 9 மணி தொடங்கி நண்பகலுக்குள் பூத்து மூடிவிடும் பயிர். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கதிரின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரம் தாண்டினாலே போதும், மகரந்தப் பை சரியாக வெடிக்காது, தூள் சூலில் விழாது. மணி வைக்க வேண்டிய இடத்தில் உமி மட்டும் நிற்கும். இலை எத்தனை பச்சையாக இருந்தாலும், எத்தனை சர்க்கரை செய்து வைத்திருந்தாலும், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இங்கேதான் அந்த இலைத்துளை திரும்பி வருகிறது. துளை கொஞ்சம் மூடிக்கொண்டால் தண்ணீர் மிச்சமாகும் என்றேன் அல்லவா? நீராவி போவதுதான் பயிருக்கு விசிறி. அது குறையும்போது இலையும் கதிரும் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகின்றன. கரியமில வாயு ஒரு கையால் கொடுப்பதில் கொஞ்சத்தை இந்த வழியில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டு வீடியோவில் இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.

இரவு வெப்பமும் உண்டு. பகலில் செய்த சர்க்கரையைச் செடி இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கும். இரவு புழுக்கமாக இருந்தால் செலவு கூடும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சொந்த வயலில் 1992 முதல் 2003 வரை கோடைப் பருவத்து விளைச்சலைக் கணக்கெடுத்தார்கள். இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் இறங்கியது. கவனியுங்கள், அத்தனை வருடமும் காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டுதான் இருந்தது.

ஆனாலும் கடிதத்தை மட்டும் வைத்து "வெயில்தான்" என்று சத்தியம் செய்ய மாட்டேன். பதருக்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றை நீங்களே பிரித்துப் பார்க்கலாம். கதிர் முழுவதும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் குருத்துப்பூச்சி. உமியில் கறுப்புப் புள்ளி இருந்து, அரைகுறையாகப் பால் பிடித்த மணியாக இருந்தால் கதிர்நாவாய்ப்பூச்சி. கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்திருந்தால் குலைநோய். எந்தக் கறையும் இல்லாமல், ஒரே கதிரில் நல்ல மணியும் வெறும் உமியும் கலந்து கலந்து நின்றால், வெப்பத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

என் யோசனை, வரும் குறுவையை ஒரே தேதியில் போடாதீர்கள். இரண்டரை ஏக்கரில் பாதியை ஆனி தொடக்கத்துக்குத் தள்ளுங்கள், மீதியை வழக்கம் போல் முன்னால் போடுங்கள். ரகம் ஒன்றாகவே இருக்கட்டும், எருவும் ஒன்றாகவே இருக்கட்டும். முழுவதையும் தள்ளச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. தள்ளினால் அறுவடை செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதலுக்குப் போகும். மழையில் மாட்டினால் நெல் ஈரமாகும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரத்துக்கும் அப்போது கூட்டம் இருக்கும், தாளடி நடவும் நெருக்கும். வெயிலில் ஏழு மூட்டை போவதா, மழையில் பத்து மூட்டை போவதா என்ற பயம் நியாயமானது. பாதிப் பாதி என்றால் இரண்டு ஆபத்தையும் பங்கிட்டுக்கொள்ளலாம், எது உண்மையான காரணம் என்றும் தெரிந்துவிடும்.

முன்னால் போடும் பாதிக்கு, பூக்கும் பத்து நாளில் வயலில் தண்ணீர் நிறுத்திவையுங்கள். வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விடும் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறைதான், ஆனால் அந்தப் பத்து நாள் மட்டும் வேண்டாம். பூ திறந்திருக்கும் முற்பகலில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள்.

டானிக் வாங்கலாமா?

வேண்டாம்.

கடைக்காரர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நெதர்லாந்தில் கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளி வளர்ப்பவர்கள் கரியமில வாயுவை 1,000 பங்கு அளவுக்கு ஏற்றி வைக்கிறார்கள், நல்ல லாபமும் பார்க்கிறார்கள். அது அடைத்த குடில். கதவைத் திறந்தால் போய்விடும். உங்கள் வயலுக்குக் கதவே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், மகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நன்றாக வளரும் பயிர் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிராம் உலர் எடை கூடும். ஏக்கருக்கு 80 கிலோ. அதைச் செய்யச் சுமார் 120 கிலோ கரியமில வாயு தேவை. ஒரு ஏக்கருக்கு மேலே பத்து மீட்டர் உயரம் வரை உள்ள காற்றில் இருப்பது மொத்தமே 30 கிலோதான். அப்படியானால் மீதி? காற்று வீசி வீசிக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஒரு பைசா செலவில்லாமல். இப்போது அந்த டானிக் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிலோ சுத்தக் கரியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து வரக்கூடிய வாயு மூன்றே முக்கால் கிலோவுக்கும் குறைவு. ஏக்கருக்கு இரண்டு பாட்டில் தெளித்தாலும் பயிருக்கு ஒரு மணி நேரச் சாப்பாடுகூட இல்லை. இரண்டரை ஏக்கருக்கு 7,250 ரூபாய் கொடுத்து ஒரு மணி நேரத்துக்கும் போதாத சாப்பாடு வாங்குவீர்களா?

வாயுவை "இழுக்கவைக்கும்" என்று சொல்கிறார்களே என்பீர்கள். இலை வாயுவை உள்ளே விடுவது துளை வழியாக, அதைத் திறந்து மூடுவது செடியின் வேலை. வயலோரம் குப்பையைக் கொளுத்தினால் புகை பயிருக்கு உணவாகும் என்று பக்கத்து வயல்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இதே கணக்குதான். புகை அடுத்த ஊருக்குப் போய்விடும், இருமல் மட்டும் உங்களுக்கு.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் வாங்கிவிட்டீர்கள் என்றால், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். இப்படிப்பட்ட பயிர் ஊக்கிகள் 2021 திருத்தத்துக்குப் பிறகு 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. பாட்டிலில் என்ன இருக்கிறது, யார் தயாரித்தது என்ற விவரம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலோ, பில் தர மறுத்தாலோ, உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: 20 சதவீதம் என்று வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். "அதை பில்லுக்குப் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று கடையில் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்திலேயே பேச்சு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மக்காச்சோளத்தை விட வேண்டுமா?

மக்காச்சோளம், கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் வேறு வம்சம். அவற்றின் இலையில் ரூபிஸ்கோவை உள் அறையில் வைத்திருக்கின்றன. வெளி அறையில் இன்னொரு நொதி வாயுவைப் பிடித்து உள்ளே அனுப்புகிறது. வாய்க்காலில் வரும் தண்ணீரைத் தேக்கி மடை வழியாகப் பாய்ச்சுவது போல, உள் அறையில் வாயு ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிறது. 1960-களில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையில்தான் இதைத் தெளிவாக்கினார்கள். தேங்கிக் கிடப்பதால், வெளியே காற்றில் கூடினாலும் பெரிய மாற்றம் இல்லை. தண்ணீர் தாராளமாக இருந்த மக்காச்சோள வயலில் கூடுதல் வாயு கொடுத்தும் இல்லினாயில் விளைச்சல் கூடவில்லை.

அதுவரை உங்களிடம் சொன்னவர்கள் சொன்னது சரி. அங்கிருந்து "அதனால் மக்காச்சோளத்தை விடு" என்று தாவுவதுதான் கோளாறு. லாபம் கூடவில்லை என்றால் நஷ்டம் என்று அர்த்தமில்லையே. வெயிலில் நெல்லின் ரூபிஸ்கோ அதிகம் தடுமாறும், மக்காச்சோளத்தின் இலை அந்தச் சூட்டைத் தாங்கி வேலை செய்யும். தண்ணீர் குறைந்த வருடத்தில், துளை மூடி மிச்சம் பிடிப்பதால், கூடுதல் வாயு மக்காச்சோளத்துக்கும் உதவும். மேட்டு நிலத்தில் நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் செலவையும் நினைத்துப் பாருங்கள். மக்காச்சோளம் அங்கேயே இருக்கட்டும்.

நெல் வயலில் இருக்கும் குதிரைவாலிப் புல்லும் சில கோரைகளும்கூட இந்த மக்காச்சோள வம்சம்தான். காற்றில் வாயு கூடினால் நெல்லுக்கு அவற்றோடு போட்டியில் கொஞ்சம் முன்னிலை கிடைக்கும் என்று கணக்கு சொல்கிறது. களை பறிக்கும் கூலியை மிச்சம் பிடிக்கும் அளவுக்கு அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் வளரும் பெண் இருக்கிறாள் என்பதால். கரியமில வாயு கூடிய வயலில் விளைந்த அரிசியில் மாவு கூடி, மற்றது நீர்த்துப் போகிறது. 2018-ல் வெளியான, ஜப்பானிலும் சீனத்திலும் 18 ரகங்களில் நடந்த சோதனையில், இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிர்பார்க்கப்படும் அளவுக்கு வாயுவை ஏற்றியபோது, புரதம் சராசரியாக 10 சதவீதம், இரும்பு 8, துத்தநாகம் 5 குறைந்தன. பி வைட்டமின்கள் இன்னும் அதிகமாக. நாளைக்கே நடக்கப்போவதில்லை, பயப்படவும் வேண்டாம். ஆனால் அரிசியையே மூன்று வேளையும் நம்பும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. வேரில் முடிச்சு உள்ள பயறுகளில் புரதம் அவ்வளவாக இறங்குவதில்லை, அவை தழைச்சத்தைத் தாங்களே சம்பாதிப்பதால். நிலக்கடலையும் அந்த வகைதான், விளைந்தது முழுவதையும் மண்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். வயலுக்குத் துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, நடவுக்கு முன் மணலோடு கலந்து இடுவது விட்டுப்போயிருந்தால், இந்த முறை விடாதீர்கள். அதன் குறைவாலும் நெல் இளைக்கும்.

உங்கள் மைத்துனரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்தக் கால் மூட்டைக் கணக்கை மகளை விட்டே அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். பெரியப்பாவிடம் பிள்ளை பேசினால் கேட்டுக்கொள்வார். அவருக்கும் வயல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எந்தத் தேதியில் விதைக்கிறார், எத்தனை மூட்டை கண்டது என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். எனக்கு அந்தத் தேதி வேண்டும்.

அறுவடைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு பாதியிலும் ஐந்து ஐந்து இடத்தில் நாலு நாலு கதிர் கிள்ளி, தனித்தனிப் பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். சாயந்திரம் உட்கார்ந்து மகளும் நீங்களும் மணியை உருவி, நிறைந்தது எத்தனை, பதர் எத்தனை என்று எண்ணுங்கள். நூற்றுக்கு 10, 15 பதர் எந்த நல்ல வயலிலும் இருக்கும். முன்னால் விதைத்த பாதியில் அது 30-ஐத் தொட்டு, ஆனியில் விதைத்ததில் 15-க்குள் நின்றால், காரணம் கிடைத்துவிட்டது. இரண்டிலும் ஒரே மாதிரி 30 இருந்தால் நான் சொன்னது தவறு, வேறு எங்கேயோ தேட வேண்டும். எதுவானாலும் எண்ணிக்கையையும், பூத்த தேதியையும், சில பதர் மணிகளை ஒரு காகிதத்தில் மடித்தும் எனக்கு அனுப்புங்கள்.